நாலு குழித் தட்டு

அந்த இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நாகரிகமாகச் சொல்கிறேன். பார்த்ததுமே வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர் வீரபாண்டியனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பந்தல் போடுவது அவர் தொழிலாக இருந்தது. கண்டனூரில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடுகளில் அவர் போட்ட பந்தல் என்றால் தனி மதிப்பு. அப்படி ஒரு கல்யாண வீட்டில்தான் சாரத்தின் உச்சியிலிருந்து விழுந்தார். ஒன்பது வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து அவருக்குச் சோறு ஊட்டுவது நான். பல் விளக்கி விடுவது, மூக்கு அரித்தால் சொறிந்து விடுவது, ஈ விரட்டுவது எல்லாம் நான். எங்கள் அமராவதிபுதூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், காளீஸ்வரி மாதிரி ஒருத்தி உண்டா என்பார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கக் கூடாது? சும்மா வந்த பேரா அது?

இயந்திரத்தைக் கொண்டு வந்தது அக்ஷரா என்ற பெண். கை கால் வராதவர்களுக்கு இந்த மாதிரி சாமான்கள் செய்து கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர். ஜீன்ஸ் போட்ட சின்னப் பெண், நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியின் முன்பலகையில் ஒரு வெள்ளைக் கையை மாட்டினாள். அடிபம்புக் கைப்பிடி அளவு இருக்கும், முழங்கை மாதிரி மடங்கும், நுனியில் ஒரு ஸ்பூன். அதற்கென்று தனியாக ஒரு தட்டு. நாலு குழி போட்டது. அவர் மோவாய்க்குக் கீழே ஒரு பொத்தான். ஒரு தட்டுத் தட்டினால் ஸ்பூன் அடுத்த குழிக்குப் போகும். அழுத்திப் பிடித்தால் அள்ளிக்கொண்டு வாய்க்கு வரும். படபடவென்று இரண்டு தட்டுத் தட்டினால் சும்மா மேலே எழும்பி இறங்கும்.

"இந்தத் தட்டு மட்டும் பத்திரம் அக்கா. கையில கேமரா இருக்கு. தட்டோட ஓரத்துல இருக்கிற இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எங்க அள்ளணும்னு அதுக்குத் தெரியும். வேற தட்டுல எடுக்காது" என்றாள் அக்ஷரா.

அது பேசவும் செய்தது. பொம்பளைக் குரல். "தயாரா?" என்று கேட்டது, தேன் ஒழுக.

"ம், தயார் ஆத்தா" என்றார் என் வீட்டுக்காரர்.

என்னை அவர் அப்படி வாஞ்சையாக ஆத்தா என்று அழைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

முதல் நாள் சாப்பாட்டுக்குச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். சிந்தினால் துடைக்க வேண்டுமே. அவர் மோவாயைக் கொஞ்சம் இறக்கினார். ஸ்பூன் போயிற்று, வந்தது. வாயைத் திறந்து வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"காளி, செத்த நேரம் அங்குட்டுப் போ."

"ஏன்?"

"பாத்துக்கிட்டே நிக்கிற. எனக்கு எறங்க மாட்டேங்குது."

ஒன்பது வருஷம் நான் பார்க்காமல் அவருக்கு ஒரு பருக்கை இறங்கியதில்லை. இப்போது பார்த்தால் இறங்கவில்லையாம். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன். இடையிடையே உள்ளே எட்டிப் பார்க்கவும் செய்தேன், பொய் சொல்வானேன். உருளைக்கிழங்கு முழுவதும் முதலில் காலி. அப்புறம் பருப்பும் சோறும். கீரைக் குழிப் பக்கம் அந்த ஸ்பூன் போகவே இல்லை.

தட்டை எடுக்கும்போது கேட்டேன். "கீரை ஏன் அப்படியே கெடக்கு?"

"எனக்குக் கீர புடிக்காது."

"எப்பருந்து?"

"சின்னப் புள்ளையிலருந்து."

"ஒம்பது வருசமாத் தின்னீகளே."

"நீ சோத்தோட பெசஞ்சு ஊட்டுன. தின்னேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. இந்த மனுஷனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தவள் நான். அந்த வெள்ளைக் கை ஒரே வேளையில் தெரிந்துகொண்டு விட்டது.

தெருவில் செய்தி பரவியது. முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிற பொம்பளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படித்தான் பாக்குறியோ தாயி" என்பார்கள். இப்போது நேரே அவர் நாற்காலிக்குப் போகிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாக்கண்ணு மட்டும் போகிற போக்கில் என் தோளில் இடித்தாள்.

"ஏண்டி காளி, ஒனக்குச் சக்களத்தி வந்துட்டாளாமே. நல்லா வெள்ள வெளேர்னு இருக்கா."

"வேணும்னா ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. அன்று முதல் மனசுக்குள் நான் அதைச் சக்களத்தி என்றுதான் கூப்பிட்டேன்.

சும்மா இருந்தேனா? இல்லை. கண்மாய்க் கெண்டை வாங்கினேன். முள் நிறைந்த மீன். என் விரல் பட்டுத்தான் அவர் இதுவரை மீன் சாப்பிட்டிருக்கிறார், ஒவ்வொரு முள்ளாகத் தடவி எடுத்து ஊட்டுவேன். இதைச் சக்களத்தி என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று குழம்பு வைத்தேன். வாசம் தெருவைத் தூக்கியது. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முள்ள எடுத்து இந்தக் குழியில போட்டுட்டுப் போ, காளி."

போட்டேன். வேறு என்ன செய்ய? முள் எடுக்கிற வேலை எனக்கு, வாயில் வைக்கிற பெருமை அதற்கு. மறுநாள் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தேன். அவர் முருங்கையை வழித்துப் போடச் சொன்னார். அதற்கு மறுநாள் ரசத்தை நீர்க்க விட்டேன். அவர் உறிஞ்சு குழாய் கேட்டார். அதோடு எனக்கே அலுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கை நாகவல்லி வந்தாள். அவள் இளைய மகள் ரோகிணிக்குக் காதுகுத்து, கருப்பர் கோயிலில் கிடாய் வெட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை வைக்க வேண்டும்.

மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோதும் அவள் இதே மாதிரி வந்து அழுதாள். இவர் போகவில்லை. பெரியப்பா மகன்தான் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைப்பதில் என் வீட்டுக்காரருக்குக் கஷ்டமில்லை, ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். பிரச்சினை அதற்குப் பிறகு வருகிற பந்தி. எங்கள் வகையறாவில் தாய்மாமன் முதல் வாய் வைக்காமல் பந்தியில் ஒருத்தரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பொண்டாட்டி ஊட்ட, பச்சைப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்க அவர் தயாராக இல்லை. விழுந்த நாளிலிருந்து எந்தப் பந்தியிலும் அவர் உட்கார்ந்ததில்லை. விசேஷ வீடுகளுக்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவோம்.

"அண்ணே, இந்தத் தடவையாச்சும் வருவீகளா?" என்றாள் நாகவல்லி, பயந்துகொண்டே.

"வாரேன்" என்றார் அவர். "மாப்ளகிட்டச் சொல்லு, எனக்கு முதப் பந்தியில எல போடணும். நானே சாப்புடுவேன்."

நாகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது அந்த வெள்ளைக் கையைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டிருக்கிறாளா ஒரு நாள்?

காதுகுத்து அன்று காலையில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. வயிற்றைக் காலியாக வைத்திருந்து கறிச்சோறு சாப்பிட வேண்டுமாம். பட்டு வேட்டி கட்டி விட்டேன், சந்தனம் வைத்து விட்டேன். நாற்காலியை ஏற்றப் பலகை போட்ட குட்டியானை வண்டி வாசலில் நின்றது. டிரைவரும் இன்னொருத்தரும் அவரை ஏற்றினார்கள். உள்ளே போய்ப் பையை எடுத்தேன். துண்டு, தண்ணீர் பாட்டில், மூத்திரப் பை, மாத்திரை எல்லாம் அதில் இருந்தன. நாலு குழித் தட்டு அடுப்படி மேடையில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"எல்லாம் எடுத்தாச்சா?" என்றார் வண்டியிலிருந்து.

"எடுத்தாச்சு."

கோயில், காளையார்கோவில் போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது. பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் கழுத்தைச் சாய்த்து மேலே முடிச்சுகளைத்தான் பார்த்தார். "தொய்வா கட்டிருக்காய்ங்க" என்றார். முகம் பூரித்துக் கிடந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "வாங்க மாமா", "வாங்க சித்தப்பா" என்றார்கள். ஒன்பது வருஷத்துக் கூச்சம் அவரிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை.

ரோகிணியை மடியில் வைத்தார்கள். இடுப்போடு சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன். ஆசாரி பக்கத்தில் வந்ததுமே வீறிட்டு அழ ஆரம்பித்தாள். நான் என்னென்னமோ சொல்லிச் சமாதானம் பண்ணினேன். கேட்கவில்லை. அவர் மோவாயால் இரண்டு தட்டுத் தட்டி அந்தக் கையை ஒரு தரம் மேலே தூக்கிக் கீழே இறக்கினார். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காதும் குத்தியாயிற்று, மறு காதும் குத்தியாயிற்று. பிள்ளைக்குக்கூட அதுதான் வேண்டியிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பந்திக்கு மணி அடித்தார்கள். முதல் வரிசை மேஜையில் நடுவில் அவருக்கு இலை. நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். சோறு விழுந்தது, கறிக்குழம்பு விழுந்தது, ஈரல், ரத்தப் பொரியல், முட்டை. இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, தாய்மாமன் முதல் வாய்க்காகக் காத்திருந்தார்கள்.

"காளி, தட்ட வையி" என்றார்.

பையைத் திறந்து தேடினேன். நன்றாகவே தேடினேன், துண்டை உதறிக்கூடப் பார்த்தேன். "காணோங்க. வீட்டுலயே விட்டுட்டேன் போலருக்கு" என்றேன்.

அவர் மோவாயை அழுத்தினார். கை எழுந்தது, இலைக்கு மேலே அங்கும் இங்கும் போய் நின்றது. "தட்டைக் காணவில்லை. தட்டை வைக்கவும்" என்றது. தங்கை புருஷன் பாண்டீஸ்வரன் ஓடிப்போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டு வந்தார். அதற்கும் "தட்டைக் காணவில்லை" என்றது. கிண்ணம் வந்தது. கிண்ணத்துக்கும் அதே பாட்டு. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தர் இலையிலும் கை படவில்லை. சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"மச்சான், இப்ப என்ன செய்ய?" என்றார் பாண்டீஸ்வரன், கையைப் பிசைந்துகொண்டு.

"நான் ஊட்டுறேன்" என்றேன். இதற்குத்தானே வந்தேன். கையைக் கழுவினேன். சோற்றில் குழம்பை ஊற்றி, ஈரலைக் கிள்ளி உள்ளே வைத்து, அவர் வாய்க்கு ஏற்ற மாதிரி ஒரு கவளம் உருட்டினேன். பொம்பளைகள் பக்கத்திலிருந்து, "காளி இருக்கப்ப என்ன கவல" என்று ஒரு குரல் வந்தது. காதில் தேன் பாய்ந்தது. கவளத்தை அவர் உதட்டுக்கிட்ட கொண்டு போனேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோது திறந்திருக்கிறார். சாகணும் சாகணும் என்று அழுத நாட்களில், அழுதுகொண்டே திறந்திருக்கிறார். என்னோடு சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றுகூட, என் கை வாய்க்கிட்டப் போனதும் திறந்திருக்கிறார். இன்று உதடுகள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. குழம்பு என் மணிக்கட்டு வழியாக ஒழுகி வளையலில் இறங்கியது.

"மாமா, சோறு ஆறுது" என்றார் பக்கத்து இலைக்காரர், தயங்கித் தயங்கி.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேணும்னுதான வச்சுட்டு வந்த?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "ஆமா" என்றேன்.

வாயைத் திறந்தார். வாங்கினார், மென்றார், விழுங்கினார். தலையைத் தூக்கிப் பந்தலுக்கே கேட்கும்படி, "எல்லாரும் சாப்புடுங்கப்பா" என்றார். வரிசை வரிசையாகக் கைகள் இலைக்குப் போயின. நான் அடுத்த கவளத்தை உருட்டினேன்.

"போதும்" என்றார்.

"காலையிலருந்து வெறும் வயிறு. இன்னொரு வாய்."

"போதும்னேன்ல."

பந்தி முடியும்வரை அந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். யார் எதைக் கேட்டாலும் சிரித்துப் பேசினார். தட்டை மறந்தது தான்தான் என்று பாண்டீஸ்வரனிடம் சொன்னார். நான் பக்கத்தில் குழம்புக் கையோடு நின்றேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஊரே பார்க்க என் கையால் அவர் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வாய். அந்த ஒரு வாயையும் எனக்காக வாங்கவில்லை, பந்திக்காக வாங்கினார். பட்டினியாகக் கிடந்தாலும் கிடப்பாரே தவிர, இனி என் கையிலிருந்து அவர் அங்கே வாங்க மாட்டார் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் மேலா, அதன் மேலா, என் மேலேயா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பாண்டீஸ்வரனிடம் போய், "அண்ணே, ஒங்க மொபட் சாவியத் தாங்க" என்றேன்.

"எங்குட்டுப் போறீக இந்த வெயில்ல?"

"வீட்டுக்கு."

கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வழி நெடுக அதைத் திட்டிக்கொண்டே போனேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாது. வீட்டைத் திறந்து தட்டை எடுத்தபோது அது கைக்குக் கனமாகவே இல்லை. இந்தப் பிளாஸ்டிக்குக்கா இத்தனை பாடு என்றிருந்தது. திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் வண்டி ஒரு தரம் மெதுவானது. தண்ணீர் நிறையக் கிடந்தது. விட்டெறிந்தால் ஒரு சத்தம்தான். அவர் வயிற்றில் ஒரு கவளம் மட்டும் கிடப்பது ஞாபகம் வந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சமையல்காரர்களும் பரிமாறியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதே இடத்தில் இருந்தார். கிட்டப் போய்த் தட்டை முன்பலகையில் பொருத்தினேன். டக்கென்று மாட்டிக்கொண்டது. நாகவல்லி ஓடி வந்து நாலு குழியிலும் சுடச்சுடப் போட்டாள்.

"தயாரா?" என்றது சக்களத்தி.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. என் நெற்றியில் வழிகிற வேர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே என்ன வேலை? பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்கு இறங்காது. பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"எங்குட்டுப் போற?" என்றார்.

"அங்குட்டுத்தான். நீங்க சாப்புடுங்க."

"ஒனக்கும் எல போடச் சொல்லிருக்கேன். உக்காரு."

அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் தண்ணீர் தெளித்த இலை. உட்கார்ந்தேன். நாகவல்லி எனக்கும் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். "நல்லாச் சாப்புடுங்க மதினி" என்றாள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவருக்கு ஊட்டி முடித்து, வாய் துடைத்து, அவரைச் சாய்த்துப் படுக்க வைத்த பிறகு, மிச்சத்தை அடுப்படியில் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். அவர் சாப்பிடும் நேரத்தில் நான் சாப்பிட்டதே இல்லை.

அவர் மோவாயை அழுத்தினார். ஸ்பூன் நேரே ஈரல் குழிக்குப் போயிற்று. முதல் தடவை கொஞ்சம் சட்டையில் சிந்தியது. துடைக்க எழுந்தேன், பிறகு உட்கார்ந்துகொண்டேன். மறுபடி ஈரல். மறுபடியும் ஈரல். சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன என்று கேட்க நாக்குத் துடித்தது. அந்த வெள்ளைக் கை அவர் முகத்துக்கிட்டப் போய் நிற்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு எரியத்தான் செய்தது. இல்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நானும் பிசைந்தேன். ஈரலைக் கிள்ளி உள்ளே வைத்து உருட்டினேன். கை தானாக எழுந்து வலது பக்கம் போயிற்று, அவர் வாய் இருக்கிற உயரத்துக்கு. அவர் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார். கவளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கோபமாகவும் பார்க்கவில்லை.

"சாப்புடு காளி. சூடா இருக்கு" என்றார்.

கையை மடக்கி என் வாய்க்குக் கொண்டு வந்தேன். அவர் வாய்க்கு உருட்டியே பழகிய கை. கவளம் எனக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு கன்னமும் புடைத்துக்கொண்டன. பேச முடியாமல், அவரைப் பார்த்தபடியே, மென்றுகொண்டிருந்தேன்.